ஒரே வகை ரீஃபர் பெட்டி, இரண்டு சரக்கு: வாழைக்காயையும் உறைந்த இறாலையும் கப்பலில் அனுப்பும் முறை

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ரீஃபர் எனப்படும் குளிரூட்டும் கன்டெய்னர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் வரிசையில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். இரண்டும் 40 அடி ஹைக்யூப், அதாவது உயரம் கூடிய கன்டெய்னர். ஒன்றில் தேனிப் பக்கத்து ஜி9 ரக வாழைக்காய் துபாய்க்குப் போகிறது. மற்றொன்றில் வன்னாமி வளர்ப்பு இறால் அமெரிக்காவுக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் டிஸ்பிளேயில் ஓடும் எண்தான் வித்தியாசம்: ஒன்றில் 13.5, மற்றொன்றில் மைனஸ் 18. உள்ளே ஏறக்குறைய எல்லாமே எதிரும் புதிரும். வாழைக்காய்க்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடும், சூடு கக்கும், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வெளியே விடும். இறால் செத்துக் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. முதல் சரக்குக்குச் சரியானதை இரண்டாவதுக்குச் செய்தால் நஷ்டம், இரண்டாவதுக்குச் சரியானதை முதலாவதுக்குச் செய்தாலும் நஷ்டம்.

இந்த இரண்டையும் அனுப்பத் தெரிந்துகொண்டால் மாம்பழம், மாதுளை, கணவாய், உறைந்த பரோட்டா என எதுவானாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றில் வந்து நிற்கும்.

பெட்டி என்ன செய்யும்

ரீஃபரை வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி நினைத்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். சூடான பொருளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் தானாகக் குளிர்ந்துவிடும் என்று நம்பக் கூடாது. நீங்கள் கொடுக்கும் வெப்பநிலையைக் காத்து வைத்திருப்பதற்குத்தான் அந்த இயந்திரம். அதிலும் மைனஸ் 18-ல் ஓடும்போது அதன் குளிரூட்டும் திறன், 13 டிகிரியில் ஓடும்போது இருப்பதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். மைனஸ் 12-ல் ஏற்றிய இறாலை வழியில் மைனஸ் 18-க்கு இறக்கிவிடும் என்று எதிர்பார்த்தால், கப்பல் போய்ச் சேரும்போதும் நடுவில் இருக்கும் கார்ட்டன் பழைய சூட்டிலேயே இருக்கக் கூடும்.

காற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியின் தலைப்பக்கத்தில் இயந்திரம் இருக்கிறது. குளிர்ந்த காற்று அங்கிருந்து கீழே இறங்கி, தரையில் நீளவாக்கில் பதித்த அலுமினியப் பட்டைகளுக்கு இடையே கதவுப் பக்கம் ஓடும். இந்தத் தரையை டி-ஃப்ளோர் என்பார்கள். அங்கிருந்து காற்று மேலே ஏறி, கூரைக்குக் கீழே திரும்பி இயந்திரத்துக்கு வரும். உள்சுவரில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். திரும்பும் காற்றுக்கு அதற்கு மேலே உள்ள இடம்தான் வழி. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரே ஒரு அடுக்கு கூடுதலாக வைத்தாலும் வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு விஷயம் டேட்டாவைப் படிக்கும்போது உதவும். வாழைக்காய் போன்ற குளிர் சரக்கில் இயந்திரம் தான் உள்ளே அனுப்பும் காற்றின் சூட்டைப் பார்த்து ஓடும். உறைந்த சரக்கில் திரும்பி வரும் காற்றைப் பார்த்து ஓடும்.

புக்கிங்கில் எழுதும் நாலு வரி

பெரிய நஷ்டங்கள் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. கழித்தல் குறி விட்டுப்போய் மைனஸ் 18 வெறும் 18 ஆகிவிடும். செல்சியஸா பாரன்ஹீட்டா என்று எழுதாமல் விடுவார்கள். அதனால் எண், குறி, அலகு மூன்றையும் எழுதுங்கள். மைனஸை எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள்.

அடுத்தது காற்றோட்டத் துவாரம். புதுக் காற்று எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பதை மணிக்கு இத்தனை கனமீட்டர் என்று எழுத வேண்டும். "25" என்று மட்டும் எழுதினால் ஒருவர் 25 சதவீதம் திறப்பார், இன்னொருவர் 25 கனமீட்டர் திறப்பார். இரண்டும் ஒன்றல்ல. இறாலுக்கு "முழுக்க மூடியது" என்று எழுத வேண்டும். அந்தத் துவாரம் கொஞ்சம் திறந்திருந்தாலும் ஈரக்காற்று உள்ளே போய் இயந்திரத்தின் குளிர்ச் சுருளில் பனியாகப் படியும், காற்றோட்டம் நின்றுவிடும். வாழைக்கு எவ்வளவு திறப்பது என்பது காயைப் போட்டிருக்கும் பை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. வாக்வம் போட்டுக் கட்டிய பைக்கு ஓர் அளவு, துளை போட்ட பைக்கு வேறு அளவு. வாங்குபவரிடமும் கப்பல் கம்பெனியிடமும் கேட்டு, இருவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் சி.ஏ. பெட்டி என்றால் துவாரம் மூடியே இருக்க வேண்டும்.

ரோட்டில் வரும்போது மின்சாரம் தர ஜென்செட் வேண்டும் என்பதையும், பி.டி.ஐ. முடித்த பெட்டி வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பி.டி.ஐ. என்பது பெட்டியை வெளியே விடுவதற்கு முன் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனை. அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வாழை: தோட்டத்திலேயே தொடங்கும் கணக்கு

சுமார் 75 முதல் 80 சதவீதம் முற்றிய தாரைத்தான் வெட்ட வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் முற்றலில் வெட்டினால் நடுக்கடலில் பழுக்கும். 13.5 டிகிரியில் நன்றாக வைத்தால் பச்சையாக மூன்று முதல் நான்கு வாரம் தாங்கும். அந்த நாட்களைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். வெட்டி, பேக் செய்து, குளிரவைக்க இரண்டு மூன்று நாள். துறைமுகத்தில் இரண்டு மூன்று நாள். கொழும்பில் வேறு கப்பலுக்கு மாற்றினால் காத்திருப்பையும் சேர்த்துக் கடலில் இரண்டு வாரம். அங்கே கஸ்டம்ஸில் இரண்டு நாள். மிஞ்சுவது அதிகம் போனால் ஒரு வாரம்தான். கொழும்பில் இணைப்புக் கப்பலைத் தவறவிட்டால் அந்த மிச்சமும் போய்விடும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு ஐரோப்பா போகும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. இறாலுக்கு அது வெறும் தாமதம். வாழைக்கு அது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

தாரைத் தரையில் போடாமல், சீப்புகளுக்கு இடையே ஃபோம் தாள் வைத்து, பேக்ஹவுஸுக்கு எடுத்து வாருங்கள். அங்கே சீப்பு சீப்பாக அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடும்போது பால் வடியும். படிகாரம் கலந்த தண்ணீரில் அந்தப் பாலைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் தோலில் கறுப்புக் கறையாக நின்றுவிடும். சீப்பின் வெட்டுப்பட்ட காம்புப் பகுதிக்குப் பூஞ்சை மருந்து போட வேண்டும், ஏனென்றால் அழுகல் தொடங்குவது அங்கேதான். எந்த மருந்து, எவ்வளவு என்பது காயில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கலாம் என்று வாங்கும் நாடு வைத்திருக்கும் வரம்பைப் பொறுத்தது.

வளைகுடாவுக்குப் பெரும்பாலும் 13 கிலோ பெட்டி. கையால் அடுக்கினால் ஒரு 40 அடி ஹைக்யூபில் 1,500 பெட்டிக்குக் கொஞ்சம் மேலே போகும், எடை சுமார் 20 டன். வழியில் ஈரம் ஆவியாகி எடை குறையும் என்பதால் அரைக் கிலோ கூட வைத்துப் பேக் செய்வது வழக்கம்.

அடுத்து முன்குளிர். வெயில் காலத்தில் தோட்டத்திலிருந்து வரும் காயின் உள்சூடு 30 டிகிரியைத் தாண்டும். அதை 13.5-க்குக் கொண்டுவர, பெட்டிகளின் துளை வழியாகக் காற்றை இழுக்கும் விசிறி உள்ள அறை வேண்டும். சாதாரண குளிர் அறையில் நடுப்பெட்டி குளிர ஒரு நாளுக்கு மேலாகிவிடும். அறையின் சுவரில் இருக்கும் எண்ணைப் பார்த்து லோடு ஏற்றக் கூடாது. குத்து தெர்மாமீட்டரை எடுத்து, நடு அடுக்கில் நடுப்பெட்டியைத் திறந்து, ஒரு காயின் காம்புப் பக்கமாகச் சதைக்குள் செருகிப் படியுங்கள். ஒரு லோடுக்குப் பத்துப் பெட்டியாவது பாருங்கள். தெர்மாமீட்டரை முதலில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் முக்கிப் பாருங்கள். 0 காட்டாவிட்டால் அதன் எண்ணை நம்ப முடியாது. லத்தீன் அமெரிக்காவில் காயைச் சூடாகவே ரீஃபரில் ஏற்றுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே வெட்டியவுடன் பேக் செய்து, அதற்கென்று வடிவமைத்த பெட்டியில், இடைவெளி இல்லாமல் அடுக்குகிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் அந்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கதவோரப் பெட்டிகள் மஞ்சளாகிப் போய்ச் சேரும்.

குளிர் அதிகமானாலும் ஆபத்து. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர்க்காயம் பட ஆரம்பிக்கும். பச்சையாக இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தேகம் இருந்தால் தோலின் மேல்பரப்பை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடினால் குளிர் பட்டிருக்கிறது. பழுத்ததும் அந்தக் காய் பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு வராது, சாம்பல் படிந்தது போல மங்கி நிற்கும். லேசான காயம் என்றால் தின்னலாம், ஆனால் கடையில் விலை போகாது.

இறால்: எல்லாம் ஃபேக்டரியிலேயே

இறாலுக்குக் கணக்கு சுலபம், ஆனால் மன்னிப்பு கிடையாது. மைனஸ் 40 பக்கம் ஓடும் பிளேட் ஃப்ரீசரில் கட்டியாக உறையவைத்தாலும் சரி, தனித்தனியாக ஐ.கியூ.எஃப்.-இல் உறையவைத்தாலும் சரி, மேலே தண்ணீர் பூச்சு கொடுத்து, குளிர்க் கிடங்கில் உள்மையம் மைனஸ் 18-க்குக் கீழே போன பிறகுதான் ஏற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி மைனஸ் 18 என்பது. வழியில் சிறிது நேரம் அதிலிருந்து 3 டிகிரி கூடி மைனஸ் 15 வரை போகலாம் என்கிறது. அந்த மூன்று டிகிரியை ஃபேக்டரி வாசலிலேயே செலவழித்துவிடாதீர்கள். மைனஸ் 20 அல்லது அதற்குக் கீழே ஏற்றினால்தான் கைவசம் கொஞ்சம் இருக்கும்.

கட்டி இறாலின் உள்சூட்டைப் படிக்க, ஃப்ரீசரிலேயே குளிரவைத்த துளைப்பானால் கட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் தெர்மாமீட்டரை விட வேண்டும். வெளியே வைத்த துளைப்பான் தன் சூட்டையும் சேர்த்துக் காட்டும்.

பெட்டி வாசலுக்கு வந்ததும்

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் உள்ளே போக, வெளியே இருப்பவர் கதவைச் சாத்த வேண்டும். உள்ளிருந்து வெளிச்சம் ஒரு புள்ளி தெரிந்தாலும் பெட்டி வேண்டாம். உள்ளே நின்றபடியே முகர்ந்து பாருங்கள். முன்பு மீன் போன பெட்டியில் வாழையை ஏற்றினால் வாடை பிடிக்கும், எவ்வளவு கழுவினாலும் சில பெட்டிகளில் போகாது. டி-ஃப்ளோர் பள்ளங்களில் பழைய கார்ட்டன் துண்டோ தெர்மோகோலோ அடைத்திருக்கும். கம்பியால் இழுத்து எடுக்க வேண்டும். கதவு ரப்பர், தண்ணீர் வடியும் ஓட்டை, காற்றுத் துவாரத்தின் திறப்பு, டிஸ்பிளேயில் செட்பாயின்ட் (இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கும் வெப்பநிலை), அலாரம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் பெட்டி எண்ணோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வந்தால் உங்களுக்குத் துணை அந்தப் போட்டோதான்.

வெறும் பெட்டியை முன்கூட்டியே குளிரவைக்கலாமா? கிடங்கின் கதவும் கன்டெய்னரின் கதவும் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும் டாக் இருந்தால் செய்யலாம். திறந்தவெளியில் ஏற்றுகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த பெட்டியைத் திறந்ததும் தூத்துக்குடியின் உப்புக்காற்று உள்ளே ஏறி, கூரையில் வியர்த்து, கார்ட்டன் மேல் சொட்டும். கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் இயந்திரம் நிறுத்தப்பட்டே இருக்க வேண்டும். ஓடவிட்டால் வெளிக்காற்றை இழுத்துச் சுருளில் பனி கட்டிக்கொள்ளும். "குளிரட்டுமே" என்று ஓடவிடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுக்குவதில் இரண்டு சரக்கும் பிரியும் இடம் இது. வாழைப் பெட்டியின் மேலும் கீழும் உள்ள துளைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக வர வேண்டும், காற்று சரக்கின் ஊடாக ஏற வேண்டும். பெட்டிகளுக்கு இடையே சந்து விட்டால் காற்று சுலபமான வழியில் ஏறிவிடும், பெட்டிக்குள் போகாது. ஆட்டம் கண்டுவிடும் என்று மாற்றி மாற்றிக் குறுக்கே அடுக்குவார்கள். அதில் துளைகளும் அடைபடும், கார்ட்டனின் பலமும் போகும். அட்டைப்பெட்டி எடையைத் தாங்குவது அதன் மூலைகளில், அதனால் மூலை மேல் மூலை வர வேண்டும். இறால் கார்ட்டனுக்குத் துளை தேவையில்லை. அது சூடு விடுவதில்லை என்பதால் சுவர் வழியே வரும் வெளிச்சூட்டை மட்டும் தடுத்தால் போதும். ஒரே பாறை மாதிரி இறுக்கி அடுக்குங்கள், காற்று சுற்றிப் போகும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. டி-ஃப்ளோர் முழுக்க மூடியிருக்க வேண்டும், ஆனால் சரக்கு அதன் முனையைத் தாண்டிக் கதவை ஒட்டக் கூடாது. சரக்கு குறைவாக இருந்து கதவுப் பக்கம் தரை தெரிந்தால், அந்த இடத்தைக் கெட்டி அட்டையாலோ பிளைவுடாலோ மூடுங்கள். மூடாவிட்டால் குளிர்காற்று அங்கேயே மேலே கிளம்பிக் கூரை வழியாகத் திரும்பிவிடும். இயந்திரம் எல்லாம் சரி என்று காட்டும், சரக்கு மட்டும் சூடாகும். மரப் பேலட் போட்டால், மரத்தைப் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும்.

வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் டேட்டா லாகர் குறைந்தது இரண்டு வையுங்கள். ஒன்று நடுவில், இன்னொன்று கதவோரக் கடைசி வரிசையின் மேல் கார்ட்டனுக்குள். பெட்டியில் அதிகம் சூடாவது கதவு மூலைதான். கூரையிலோ சுவரிலோ ஒட்டினால் காற்றின் சூட்டைத்தான் காட்டும், சரக்கின் சூட்டை அல்ல.

ரோடும் துறைமுகமும்

தேனியிலிருந்து தூத்துக்குடி 200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் டீசலை மிச்சம் பிடிக்க ஜென்செட்டை நிறுத்திவைக்கும் பழக்கம் இருக்கிறது. ரீஃபரின் கன்ட்ரோலர் மணிக்கு ஒருமுறையாவது பதிவு செய்துகொண்டே இருக்கும், அதில் ஓட்டை விழுந்தால் தெரிந்துவிடும். இதை டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுவது பின்னால் திட்டுவதைவிடப் பலன் தரும். துறைமுகத்துக்குள் போனதும் பிளக் போட்டார்களா, செட்பாயின்ட் என்ன காட்டுகிறது என்று உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டான சி.எச்.ஏ. மூலம் அன்றே கேட்டுவிடுங்கள். கேட் திறந்ததும் முதல் நாளே கொண்டுபோய் நிறுத்தினால் பிளக் வாடகை ஏறும், கடைசி நேரத்தில் கொண்டுபோனால் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கெடுவான கட்-ஆஃப் தவறும்.

எடைச் சான்றான வி.ஜி.எம். 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். அது இல்லாமல் பெட்டி கப்பலேறாது.

காகிதங்கள்

வாழைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று முக்கியம், வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடாவில் பதிவு வேண்டும். வளர்ப்பு இறாலுக்குக் கடல்பொருள் ஏற்றுமதி ஆணையமான எம்பெடாவில் பதிவு, ஐரோப்பாவுக்கு என்றால் அறுவடைக்கு முந்தைய ஆன்டிபயாட்டிக் சோதனைச் சான்றும் ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்றும் தேவை. அமெரிக்காவுக்கு, இறால் எப்படிக் கிடைத்தது என்று உறுதி சொல்லும் டி.எஸ். 2031 படிவம் கூடவே போக வேண்டும். கடலில் பிடித்த இந்திய இறாலுக்கு, ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்ற காரணத்தால், 2019-ல் அங்கே தடை வந்தது. அமெரிக்கா போகும் கப்பலில் பெட்டி ஏறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அங்குள்ள இறக்குமதியாளர் தன் விவரங்களைப் பதிந்துவிட வேண்டும்.

சரக்கை ஏற்றியதற்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கப்பல் கம்பெனி "மைனஸ் 18-ல் செட் செய்யப்பட்டது" என்று எழுதும். "மைனஸ் 18-ல் பராமரிக்கப்பட்டது" என்று எழுதித் தராது. வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக உறுதி சொல்லும் எல்.சி.யில் இரண்டாவது வாசகம் இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அப்புறம் வங்கி காகிதத்தைத் திருப்பி அனுப்பும்.

இன்சூரன்ஸில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். உறைந்த உணவுக்கான வழக்கமான இன்ஸ்டிட்யூட் விதிகளில், குளிர் இயந்திரம் பழுதானதால் வந்த வெப்பநிலை மாற்றத்துக்கு, அது தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் இழப்பீடு. செட்பாயின்டைத் தப்பாகப் போட்டது பழுது ஆகாது.

போய்ச் சேர்ந்த இடத்தில்

கதவைத் திறந்ததும் எதையும் இறக்கும் முன் போட்டோ, பிறகு கதவோர வரிசையில் உள்சூடு. ஐ.கியூ.எஃப். இறால் பைக்குள் தனித்தனியாக உருளாமல் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால், பையின் கீழ் மூலையில் மட்டும் ஐஸ் தேங்கியிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கார்ட்டனின் அடிப்பக்கம் பிதுங்கியிருப்பதும் அதே கதைதான். வெறும் காற்றுப் பதிவில் சில மணிகளுக்கு ஒருமுறை கூர்மையாக ஏறி இறங்கும் கோடுகள் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். இயந்திரம் தன் சுருளில் படிந்த பனியைக் கரைக்கும் நேரம் அது, சரக்கு அதில் சூடாகாது. இதைக் காட்டிப் பணம் கேட்கும் வாங்குபவர்களும் உண்டு, அவர்களிடம் சரக்குக்குள் வைத்த லாகரின் கோட்டைக் காட்டுங்கள்.

உண்மையிலேயே சேதம் என்றால் பெட்டியை அப்படியே வைத்து, கப்பல் கம்பெனியின் ஆளையும் அழைத்துக் கூட்டு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும், வழக்குப் போட ஓராண்டு. கன்ட்ரோலர் பதிவையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். காலிப் பெட்டி அடுத்த பயணத்துக்குப் போய்விட்டால் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மஞ்சளாகத் தொடங்கிய வாழையை மட்டும் ஆய்வு முடிந்த அன்றே கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லுங்கள். விற்ற விலைக்கான பில்லை இன்சூரன்ஸ் கேட்கும்.